பழைய ஸ்போர்ட்ஸ் காரில் லொடலொட சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டு வந்த இரண்டு இருக்கைக் கார். பொத்தானை அழுத்தினால் இரும்புக் கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும். நான் அதற்கு மூன்றாவது உரிமையாளர். வாங்கிய முதல் வாரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொக்கிப்போனேன். இரண்டாவது வாரத்திலிருந்து இன்ஜின் தவிர மற்ற எல்லாச் சத்தமும் கேட்கத் தொடங்கியது. சென்னையில் இப்படி ஒரு பழைய காரை வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பவற்றையும், நான் ஒரு காலத்தில் பிறரிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"எங்கே" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "எப்போது" என்று முதலில் கேளுங்கள். காருக்குள் நம் காது நம்மை ஏமாற்றும். காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, இரும்பில் ஐயாயிரம் மீட்டர் வேகத்தில் ஓடும். முன் சக்கரத்துக்கு மேலே தட்டுகிற ஒரு புஷ் (இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர் உறை), தகட்டின் வழியாக ஏறி வந்து டேஷ்போர்டில் பேசும். டேஷ்போர்டு பெரிய பிளாஸ்டிக் பலகை என்பதால் அது ஒலிபெருக்கி வேலையைச் செய்துவிடுகிறது. நாம் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வந்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். சாலை மேடுபள்ளத்தில் மட்டும் வந்ததா? இன்ஜின் சுழற்சி ஏறி இறங்கும்போது வந்ததா? வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைந்ததா? வெயில் நேரமா, குளிர்ந்த நேரமா? ஒரு வாரம் எழுதினால் போதும், பாதிக் காரை விசாரணையிலிருந்து விடுவித்துவிடலாம். நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதே சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் குற்றவாளி அல்ல. இன்ஜின் வேகத்தைக் குறைத்து நியூட்ரலில் உருளவிட்டும் சத்தம் அப்படியே இருந்தால் சைலன்சர் பக்கம் போக வேண்டியதில்லை. உருளவிடும் சோதனையை வெறிச்சோடிய, சமதளமான சாலையில் மட்டும் செய்யுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

காரைக் காலி செய்வதிலிருந்து. கையுறைப் பெட்டி, கதவுப் பை, டிக்கி, இருக்கைக்கு அடி, எல்லாம். ஸ்டெப்னி, ஜாக்கி, சக்கரத் திருகி ஆகியவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். எதிர்பார்ப்பதைவிட அதிகமான சத்தங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. காலியாக இருக்கும் பயணி இருக்கையின் பெல்ட் கொக்கி பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் தட்டுவதும் இந்த வகைதான். பெல்ட்டை மாட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

இருக்கைத் தண்டவாளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். என் காரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் "சர்ர்" என்று ஒன்று முன்னே ஓடும், கிளம்பும்போது பின்னே ஓடும். இருக்கையைக் கழற்றினால் இருபத்தைந்து பைசா நாணயம். அந்த நாணயம் 2011 ஜூன் வரைதான் செல்லுபடியானது. அப்படியானால் எனக்கு முந்தைய உரிமையாளர், ஒருவேளை அவருக்கும் முந்தையவர், அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

சென்னைத் தெருக்களில் எப்படிச் சோதிப்பது?

இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் நமக்கு உதவுகிறது. மேம்பாலங்களின் விரிவு இணைப்புகள் சாலையின் குறுக்கே ஒரே கோடாகப் போகும். இடது வலது சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் அதன் மேல் ஏறும். மாறாக, தெருமுனையில் பாதி உடைந்துபோன வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும். வளைவில் கார் சாயாமல் தடுப்பது ஸ்டெபிலைசர் கம்பி, அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது லிங்க். இந்த இரண்டு இடங்களையும் வைத்தே அந்த லிங்க்கைப் பிடித்துவிடலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை, அதனால் தேய்ந்த லிங்க்கும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்க் "டொக் டொக்" என்று பேசும். மேம்பாலத்தில் சாதுவாகவும் தெருவில் வாயாடியாகவும் இருக்கும் சத்தம் என்றால் லிங்க்கையும் அதன் புஷ்களையும் முதலில் பாருங்கள்.

அதே கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போகும்போது பிரேக் மிதியை லேசாக, வேகம் அதிகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால் பிரேக் பேட் தன் கூட்டுக்குள் ஆடுகிறது என்று பொருள். பேட் மாற்றியபோது பழைய அதிர்வுத் தடுப்புக் கிளிப்பை யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள். அல்லது பேட்டைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் வழுக்கும் பின்கள் வறண்டிருக்கும்.

கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டிப் போவதும் நல்ல உத்தி. தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதை மாதிரியான இடத்தில், கூட்டமில்லாத நேரத்தில், காரின் வெளிச்சத்தங்கள் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கண்ணாடியை இறக்கியதும் சத்தம் பெரிதானால் அது வெளியிலிருந்து வருகிறது. மாற்றமே இல்லையென்றால் உள்ளே தேடுங்கள்.

எப்போதும் ஒரே தெரு, ஒரே வேகம். மயிலாப்பூரில் ஒருநாளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுநாளும் ஓட்டி ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. இன்னொருவர் உடன் வர வேண்டும். ஓட்டுபவர் ஓட்டட்டும், மற்றவர் ஒவ்வொரு பலகையாகக் கையால் அழுத்திப் பார்க்கட்டும். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் அடுத்த சத்தம் முன்னால் போகிற ஆட்டோவின் பின்பக்கத்திலிருந்து வரும்.

மெக்கானிக் ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

எதற்காக என்று அவர் காட்டினால் மாற்றலாம். எண்ணெய் கசிந்திருக்கிறதா, மேல் மவுண்ட் ரப்பர் பிய்ந்திருக்கிறதா, கம்பியைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? கையால் தொட்டுக் காட்ட முடியாத ஒரு பாகத்தைச் சத்தத்துக்காக மாற்றாதீர்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் இடது ஓரத்தில் "டக், டக்" என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் இரண்டு லிங்க்குகளையும் மாற்றினார்கள், போகவில்லை. பிறகு ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள், அதற்கும் போகவில்லை. கடைசியில் வண்டியைக் கழுவும்போது நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கை விட்டேன். கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூசையன்று என் அத்தை திருஷ்டிக்காகக் கட்டியது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார். கல் பம்பரில் தட்டியதுதான் அந்தச் சத்தம். அத்தையிடம் சொன்னேன். "அதனால்தான் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். இப்போது படிகாரத்தைத் துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன். "முன்னால் டக் டக் என்கிறது" என்று மட்டும் சொன்னது நான்தான். எந்தத் தெருவில், எந்த வேகத்தில், ஆயுத பூசைக்கு முன்பா பின்பா என்று நானே யோசித்திருந்தால் ஷாக் அப்சார்பர் பணம் மிஞ்சியிருக்கும்.

குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் தகரம் அதிர்வது போல் "ஜ்ர்ர்" என்கிறது. என்ன அது?

பெரும்பாலும் சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. ஒவ்வொரு தகட்டுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு எண் உண்டு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் வினாடிக்கு 60 வெடிப்பு. தளர்ந்த தகட்டின் அதிர்வு எண்ணும் அதுவாக இருந்துவிட்டால், 1,800இல் ஆடும், 2,200இல் அடங்கிவிடும். அதனால்தான் பட்டறைக்குப் போய் நின்றதும் சத்தம் காணாமல் போகிறது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரில் எந்த எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொண்டு போய், அதே எண்ணில் இன்ஜினைப் பிடித்துக் காட்டுங்கள்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலை ஒட்டி நிறுத்தப்படும் கார்களில் இது சீக்கிரம் வரும். தகடு அலுமினியம், போல்ட் இரும்பு. உப்புக் காற்று ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிக்கப்படும். போல்ட் துளை பெரிதாகிப் போல்ட்டின் தலையே அதன் வழியாக நுழைந்துவிடும். புதுத் தகடு தேட வேண்டியதில்லை. துளையைவிடப் பெரிய, அகலமான வாஷர் ஒன்றைக் கொடுத்து முடுக்கினால் பல வருடம் தாங்கும். குழாயைச் சுற்றிய தகடாக இருந்தால், திருகி இறுக்கும் எஃகு ஹோஸ் கிளாம்ப்பைச் சுற்றிப் பிடித்துவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதை யார் படுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

தகடு கெட்டியாக இருந்தும் சத்தம் வந்தால், இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கல் உருள்வது போல் கேட்டால் அதன் பீங்கான் கூடு உடைந்திருக்கிறது. அதற்கு வாஷர் வைத்தியம் கிடையாது. உடைந்த துண்டுகள் புகைப்பாதையை அடைக்கக்கூடும், மாற்றத்தான் வேண்டும்.

அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், அல்லது குழி உள்ள பட்டறைக்குப் போங்கள்.

டேஷ்போர்டு காலையில் கிரீச்சிடுகிறது, மதியம் சத்தமே இல்லை. பிரமையா?

இல்லை. டேஷ்போர்டுக்குப் பயன்படும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் வெப்பத்தில் இரும்பைவிட எட்டுப் பத்து மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளப் பலகையை எடுத்துக்கொள்வோம். மார்கழிக் காலைக்கும், வெயிலில் நிறுத்திய காரின் உட்சூட்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், பிளாஸ்டிக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த இழுபறியில் கிளிப்புகள் தேய்கின்றன, இடைவெளிகள் திறந்து மூடுகின்றன. பதினைந்து இருபது சித்திரை வெயிலைப் பார்த்த பிளாஸ்டிக் கிளிப் விரலால் அழுத்தினாலே முறியும்.

ஆகவே காலையில் வரும் சத்தத்தைக் காலையிலேயே தேடுங்கள். மதியம் பட்டறையில் விட்டு "ஒன்றுமில்லை சார்" என்ற பதிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஏசியின் காற்று நேராகப் படும் இடங்களில் இதே நாடகம் ஐந்து நிமிடத்துக்குள் நடக்கும். ஏசி போட்ட சற்று நேரத்தில் தொடங்கும் கிரீச் சத்தம் என்றால் காற்றுத் துவாரங்களைச் சுற்றி அழுத்திப் பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். எதை வைத்து அடக்குவது?

முதலில் அது தட்டலா, உரசலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். தட்டல் என்றால் இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, அதிர்வில் மோதிக்கொள்கின்றன. உரசல் என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிடித்துப் பிடித்து வழுக்குகின்றன. "கிரீச்" என்பது அந்த வழுக்கல். தட்டலுக்கு இடைவெளியை இறுக்க வேண்டும்: போல்ட், புதுக் கிளிப், தேவைப்பட்டால் நுரைப் பட்டை. உரசலுக்கு நுரை வைத்தால் சில நேரம் மோசமாகும். அதற்கு வழுவழுப்பான துணிப் பட்டை வேண்டும், ஃபெல்ட் அல்லது வெல்வெட் போன்றது, பின்புறம் ஒட்டும் பசையோடு.

இவையெல்லாம் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. சாலையின் கார் துணைப்பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வயர் சுற்றும் துணி டேப்பைக் கண்டிப்பாக வாங்குங்கள். பழைய காரில் யாரோ ஒருவர் ஸ்டீரியோவோ ரிவர்ஸ் கேமராவோ மாட்டி, வயரைக் கட்டாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் விட்டிருப்பார். அந்த வயரின் இணைப்பு முனை தட்டும் சத்தம் டேஷ்போர்டே உடைந்ததுபோல் கேட்கும். வயரைத் துணி டேப்பால் சுற்றி, கட்டிவிடுங்கள்.

கண்ட இடத்திலெல்லாம் பஞ்சையும் காகிதத்தையும் திணிப்பது வைத்தியம் ஆகாது. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அடியில் துருவை வளர்க்கும். என் காரின் டிக்கி ஓரத்தில் 2009ஆம் ஆண்டுத் தமிழ் நாளிதழ் ஒன்று இருந்தது, படிக்கும் நிலையில் இல்லை.

கதவு ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

வேண்டாம். தூசியை ஒட்டவைத்து, இரண்டு வாரத்தில் அதையே உப்புத்தாள் ஆக்கிவிடும். இன்ஜின் ஆயில், வாசலைன், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவற்றிலுள்ள கனிம எண்ணெய் கதவு ரப்பரை உப்பவைக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, சிலிக்கோன் கிரீஸை விரலில் தொட்டு மெல்லிசாகத் தடவுங்கள்.

மடங்கும் கூரையில் வரும் சத்தத்துக்கு என்ன வழி?

இது பழைய நோய். மடங்கும் உலோகக் கூரையை பெஜோ 1934இலேயே செய்தது, ஃபோர்டு 1957இல் ஸ்கைலைனரில் செய்தது. 1996இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்த பிறகு பலரும் அந்த வழியில் போனார்கள். கூரை துண்டு துண்டாக இருக்கும் வரை, துண்டுகள் சந்திக்கும் இடமெல்லாம் சத்தம் பிறக்கும் இடம்தான்.

முன் கண்ணாடிச் சட்டத்தில் கூரை பூட்டும் கொக்கிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொக்கி உட்காரும் இடத்தின் பிளாஸ்டிக் உறை தேய்ந்திருந்தால் இரும்பும் இரும்பும் தட்டும். கொக்கியின் மேல் ஒரு சுற்று துணி டேப் சுற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இடம் உறுதியாகிவிட்டது, உறையை மாற்றலாம். பிறகு எல்லா ரப்பர்களையும் மேலே சொன்னபடி துடைத்து கிரீஸ் தடவுங்கள். என் காரில் கூரைச் சத்தத்தில் முக்கால்வாசி அந்த ஒரு மாலை வேலையோடு போனது.

கூரையைத் திறந்து ஓட்டும்போது சத்தம் போய்விடுகிறதா என்றும் பாருங்கள். போய்விட்டால் கூரை. போகவில்லையென்றால் இத்தனை நாள் கூரையை வீணாகத் திட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலையான கூரை இல்லாத கார் ஒரு மூடியில்லாத அட்டைப்பெட்டி. வீட்டு வாசல் சரிவில் குறுக்காக ஏறும்போது உடலே சற்று முறுக்கும். அப்போது மட்டும் வரும் முனகலை முழுவதுமாக ஒழிக்க முடியாது.

கதவுக் கண்ணாடி ஆடுகிறது.

சட்டமில்லாத கண்ணாடி என்றால் இது சகஜம். பாதி இறக்கி ஓட்டாதீர்கள், ஒன்று முழுவதும் ஏற்றுங்கள், இல்லை முழுவதும் இறக்குங்கள். ஏற்றிய நிலையிலும் ஆடினால் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் அழுத்தம் போதவில்லை. கதவுக்குள் சரிசெய்யும் திருகுகள் இருக்கும், பொறுமையுள்ளவரிடம் கொடுங்கள்.

உதிரிபாகத்தைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் வாங்கலாமா?

பிளாஸ்டிக் மூடி, கையுறைப் பெட்டியின் பூட்டு, இருக்கைச் சட்டம், உலோகத் தாங்கி போன்றவற்றை வாங்கலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ரப்பர் எதையும் அங்கே வாங்காதீர்கள். புஷ், இன்ஜின் மவுண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் உங்களுடையதைப் போலவே வயதானவை. உங்கள் நோயை இன்னொருவரின் நோயால் மாற்றிக்கொள்வதாகத்தான் முடியும்.

எந்தச் சத்தத்துக்கு வண்டியை உடனே நிறுத்த வேண்டும்?

பஞ்சர் போட்டு வந்த பிறகு சக்கரப் பக்கம் தட்டல் வந்து, ஸ்டீயரிங்கும் நடுங்கினால் அங்கேயே நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது "டொக்" என்று கையில் உணரும்படி வந்தால் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் மூட்டாக இருக்கலாம், அதோடு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பிரேக்கில் இரும்பு இரும்பை அறுக்கும் சத்தம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். காலையில் கிளப்பியதும் இன்ஜின் முன்பக்கம் சங்கிலி சலசலப்பு வந்து சில வினாடிகளில் அடங்காமல் நீண்டால் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள். செயின் பல் தாண்டினால் சத்தத்தோடு இன்ஜினும் போய்விடும்.

நின்ற இடத்தில் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கடகடத்து, கிளட்சை மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸ் அல்லது ஃபிளைவீல் பக்கம். மிதித்தால் மட்டும் வருவது கிளட்சின் ரிலீஸ் பேரிங். இவை அன்றே நிறுத்த வேண்டியவை அல்ல, ஆனால் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

டயர் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. பக்கச்சுவர் குட்டையான டயரில் பெட்ரோல் பங்க்கில் "இருக்கட்டும் சார்" என்று ஐந்து பிஎஸ்ஐ கூட்டி அடித்தால், காரில் இருக்கும் எல்லாமே சத்தம் போடும். கதவோரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். வேறெதையும் கழற்றும் முன்பு செய்ய வேண்டிய வேலை இது. இந்தக் கேள்வியை மேலேயே வைத்திருக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார் என்று சத்தத்தை வைத்துத் தெரியுமா?

சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் சத்தம் தேடும்போது தெரிந்துவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த ஊரில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. இருக்கையைக் கழற்றும்போது தண்டவாள போல்ட்டுகள் துருவேறியிருப்பதும், கம்பளத்துக்கு அடியில் வண்டல் படிந்திருப்பதும், சீட் பெல்ட்டை முழுவதும் உருவினால் ஒரு மட்டத்தில் கறை தெரிவதும் அடையாளங்கள். அப்படிப்பட்ட காரில் ஒரு சத்தத்தை அடக்கினால் அடுத்தது கிளம்பும்.

எல்லாச் சத்தமும் எப்போதாவது போகுமா?

பெரியது போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறியது கேட்கும், அவ்வளவுதான். என் காரில் இப்போது ஒன்றே ஒன்று மிச்சம். வலது கதவுக்குள், அடையாறு திரு.வி.க. பாலத்தில் போகும்போது மட்டும், காலை எட்டு மணிக்கு முன்னால் மட்டும். கதவைப் பிரித்து மூன்று முறை பார்த்துவிட்டேன். வெயில் காலத்தில் வருவதே இல்லை, நோட்டில் பங்குனிக்குப் பிறகு ஒரு பதிவும் கிடையாது. மார்கழி பிறக்கட்டும் என்று துணி டேப்போடு காத்திருக்கிறேன்.